பாட்டு நின்ற இடம்

நெனிங்: எண்ணெயை விட்டுட்டு இந்த ஜன்னல்கிட்ட வாடி, சாரிங். உன் மக வந்துட்டா.

சாரிங்: சும்மா சொல்லாதீங்கக்கா. எண்ணெயில கிடக்கிற லும்பியா ரோல் கருகிடும்.

நெனிங்: கருகட்டும். ரோமாபுரி ஒரு நாளைக்குக் கருகின லும்பியா தின்னா செத்துடாது. அதோ, கோயில் கூடத்துல மூணாவதா நிக்கிறா. தொப்பியெல்லாம் போட்டு.

சாரிங்: ...ஷூ?

நெனிங்: கழட்டிட்டா. வெறுங்கால்.

சாரிங்: மார்ச்சுல அந்த வெள்ளை ஷூவைக் கழட்டமாட்டேன்னுதானே கோவிச்சுக்கிட்டுப் போனா.

நெனிங்: அது ரெண்டாவது தடவை. முதல் தடவை தொப்பிக்காகப் போனா. ரெண்டு தடவையும் ஆட்ட வாத்தியார் டொமெங் பின்னாலயே ஓடினான். பாவம், வாரம் பூரா ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில தள்ளுறான். வியாழக்கிழமை லீவு கிடைச்சா வந்து இந்தப் பதினோரு பேரைத் தள்ளுறான்.

சாரிங்: அவர் இல்லைன்னா இதுங்களுக்கு நம்ம ஊர் ஆட்டம்னா என்னன்னு தெரியுமா?

நெனிங்: கடல் தாண்டி இருக்கிற நம்ம ஊரை இதுங்க எங்க பாத்துச்சு? எல்லாம் இங்க பொறந்ததுதானே. உன் மக பேரையே பாரேன், கியாரா மே! முன்பாதி ரோம், பின்பாதி நாம.

சாரிங்: மெதுவாக்கா... காதுல விழுந்து மறுபடி கிளம்பிடப் போறா.

நெனிங்: நான் மெதுவாத்தான் பேசுறேன். என் குரல் அப்படி. ஏண்டி, கரண்டியைத் தலைகீழாப் புடிச்சிருக்கே?

சாரிங்: இன்னிக்கு அவ கடைசி வரைக்கும் ஆடணும்க்கா.

நெனிங்: தெரியும். பதினஞ்சு வருஷ நேர்த்தி. ஏழாம் மாசத்துலயே பொறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு உள்ளங்கை அளவு கிடந்தா. பொழைச்சா உன் முன்னால வந்து சுப்லி ஆட்டம் ஆடுறேன்னு நம்ம ஊர்ச் சிலுவைக்கு வேண்டிக்கிட்டே.

சாரிங்: அப்ப பேப்பர் இல்லை. ஊருக்குப் போனா திரும்பி வரமுடியாது. பேப்பர் கைக்கு வந்தப்ப முட்டி போச்சு.

நெனிங்: ஊரான் வீட்டுத் தரையெல்லாம் பளபளன்னு இருக்கு, உன் முட்டி மட்டும்தான் போச்சு.

சாரிங்: பெத்தவளால முடியலைன்னா பிள்ளை ஆடலாம், எந்த ஊர்ச் சிலுவை முன்னால ஆடினாலும் செல்லும்னு எங்கம்மா சொல்லுவாங்க. ஆனா தானா ஆடணும். கெஞ்சி ஆடவெச்சா செல்லாது. நடுவுல விலகினாலும் செல்லாது.

நெனிங்: அதான் அவகிட்ட நீ வாயே தொறக்கலையா?

சாரிங்: தொறந்தா மட்டும்? ஒரு நாளைக்கு என்கிட்ட ஆறு வார்த்தை பேசுவா. அதுவும் இத்தாலிப் பாஷையில. நான் வேலை பாக்குற வீட்டுப் பொண்ணு அவ வகுப்புதான்னு தெரிஞ்ச நாள்ல இருந்து இப்படித்தான். ஒத்திகைக்கு வரவே கூடாதுன்னுட்டா. இன்னிக்குக்கூட நான் சமையலுக்குத்தான் வந்திருக்கேன்னு...

நெனிங்: ஷ்ஷ்! முரசு.

சாரிங்: ...ஏசுவே.

நெனிங்: பசங்களைப் பாரேன், தொலைஞ்ச சாவியைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டு... கையில கட்டையைத் தட்டிக்கிட்டு...

சாரிங்: அப்படித்தான் குனியணும். சிலுவை முன்னால விறைச்சுக்கிட்டா நிக்கிறது?

நெனிங்: அந்தக் குட்டைப் பையன் நெசமாவே எதையோ பொறுக்கிட்டான்டி! சட்டைப் பொத்தான்... சரி சரி, சிரிக்கல. பொண்ணுங்க விரலைப் பாரு. சும்மா சொல்லக்கூடாது, பூ விரியற மாதிரி சுத்துதுங்க. செல்போனைத் தவிர எதையும் தொடாத விரலா இது?

சாரிங்: கியாராவுக்கு என் அம்மா மணிக்கட்டு.

நெனிங்: ஸ்பீக்கர்ல பாட்டு வருது... ஆமா, இதை யாரு பாடிப் பதிவு பண்ணினது? டொமெங்கைக் கேட்டா 'ஊர்ல இருந்து வந்துச்சு'ங்கிறான். ஊர்ல யாருன்னு கேட்டா உடனே முரசைத் தட்ட ஆரம்பிச்சுடுறான்.

சாரிங்: யாரோ... பெரியவங்க யாராவது.

நெனிங்: தொடக்கத்துல ஒரு சத்தம் கேட்டுச்சே, கவனிச்சியா? குபுகுபுன்னு. காபிக் கெண்டி கொதிக்கிற சத்தம். நம்ம ஊர்ச் சிலுவைக் கோயில்ல எவ காபி போடுறா?

சாரிங்: மழையா இருக்கும்.

நெனிங்: மழைக்கு மூடி ஆடுமா?

சாரிங்: அக்கா, ஆட்டத்தைப் பாருங்க.

நெனிங்: பாத்துக்கிட்டேதானே பேசுறேன். கோவிச்சுக்கிட்டுப் போன உன் மக, இந்தப் பாட்டு வந்த வாரம்தான் யாரும் கூப்பிடாம திரும்பி வந்தாளாம். இன்னொண்ணு கேளு. பாட்டு நடுவுல ஒரு இடத்துல அப்படியே நின்னுபோயிடுதாம். டொமெங் அதைக் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டிடலாம்னு...

சாரிங்: வெட்டிட்டாருதானே?

நெனிங்: எங்க வெட்டினான்! வெட்டினா நான் ஆடவே வரமாட்டேன்னு இதுங்கள்ல ஒண்ணு சண்டை போட்டுச்சாம்.

சாரிங்: வெட்டலையா? அப்ப... அந்த இடத்துல இதுங்க என்ன பண்ணும்? தடுமாறிடுமே! எல்லாரும் சிரிப்பாங்களே! அவ மறுபடி வெளிய போயிடுவாக்கா...

நெனிங்: ஏண்டி, கையை ஏன் இப்படி நசுக்குறே?

சாரிங்: வருது. இந்த அடிக்கு அடுத்த அடி.

நெனிங்: எது வருது? ...

சாரிங்: ...

நெனிங்: ...

சாரிங்: ...

நெனிங்: ...அம்மாடி.

சாரிங்: ஆடுறா. அக்கா, மறுபடி ஆடுறா.

நெனிங்: நீ பாத்தியா? கண்ணை மூடிட்டியா? அத்தனை தொப்பியும் அந்தரத்துல நின்னுச்சுடி. பசங்க நெத்தி தரையைத் தொடுற மாதிரி... டொமெங் கை முரசுக்கு ஒரு விரக்கடை மேல... ஒருத்தர்கூட அசையல. சாந்த்ரோ ஃபாதர் எழுந்தே நின்னுட்டார். முன் வரிசை இத்தாலிக்காரக் கிழவிங்க சிலுவை போட்டுக்கிட்டாங்க. கைக்குழந்தைங்ககூட வாயை மூடிடுச்சு. கூடம் முழுக்க நம்ம எண்ணெய்ச் சத்தம் ஒண்ணுதான்.

சாரிங்: என் காதுல அதுகூட விழல.

நெனிங்: எனக்கு இன்னும் உடம்பு சிலிர்த்துக்கிட்டு நிக்குது. நாப்பது வருஷமா சுப்லி பாக்குறேன், வாய் மூடாம பேசிக்கிட்டே பாத்திருக்கேன். என் வாயை இன்னிக்கு ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அடைச்சிடுச்சு. ஊர்லகூட இப்படி ஒரு இடம் இல்லையேடி, ஆட்டத்துல!

சாரிங்: இல்லை. ஊர்ல இல்லை.

நெனிங்: பாட்டு முடியப்போகுது... நீ மூச்சு விடுடி முதல்ல... சுத்துறா... தொப்பியை நெஞ்சுல வெச்சுட்டா... மண்டி போட்டுட்டா! முடிஞ்சுது! சாரிங், உன் நேர்த்தி முடிஞ்சுதுடி!

சாரிங்: ...

நெனிங்: அழுது முடி. முடிச்சுட்டு ஒண்ணு சொல்லு. ஒத்திகையே பாக்காதவ, அந்த இடம் வருதுன்னு எப்படி முன்னாலயே என் கையைப் புடிச்சே?

சாரிங்: அது... பாட்டு தெரிஞ்ச பாட்டுதானே...

நெனிங்: உன் முதலாளி வீட்டுக் காபிக் கெண்டிக்கு மூடி உடைஞ்சு போச்சு, கொதிக்கிறப்ப தடதடன்னு ஆடுதுன்னு போன பிப்ரவரியில யாரு என்கிட்ட புலம்பினது? பாட்டுல அந்தச் சத்தத்தைக் கேட்ட முதல் நாளே எனக்குத் தெரியும்டி.

சாரிங்: தெரிஞ்சுமா இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க? நீங்களா?

நெனிங்: மூணு மாசம்! உள்ளுக்குள்ள புழுங்கிப் போயிட்டேன். அதுவும் ஒரு நேர்த்திக்கடன்தான்னு வெச்சுக்கோ.

சாரிங்: டொமெங் அண்ணன் பாடித் தரச் சொல்லிக் கேட்டாரு. நான் பாடினதுன்னு தெரிஞ்சா அவ வரமாட்டாளேன்னு பேரைச் சொல்லவேண்டாம்னேன்.

நெனிங்: சரி, நடுவுல ஏன் நிறுத்தினே?

சாரிங்: வாசல் மணி அடிச்சுது. போய்க் கதவைத் தொறந்துட்டு வந்தேன். அவ்வளவுதான்.

நெனிங்: ஐயோ! ஒரு வாசல் மணிக்கா ஃபாதர் எழுந்து நின்னாரு! இதை வெளிய சொன்னா... ஷ்ஷ், வர்றா. கண்ணைத் தொடை.

கியாரா: கையைக் குடுங்க பெரியம்மா.

நெனிங்: அட, நம்ம ஊர் வழக்கப்படி பெரியவங்க கையை எடுத்து நெத்தியில வெச்சுக்கிறாடி! மகராசியா இரு. யாரு சொல்லிக்கொடுத்தா?

கியாரா: எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அம்மா, தண்ணி குடுங்க.

நெனிங்: சாரிங், நம்ம பாஷை! அதுவும் 'குடுங்க'வாம்!

சாரிங்: இந்தா... மெதுவா குடி. நல்லா... நல்லா ஆடினே. பாட்டு நடுவுல நின்னுச்சே, பயமா இல்லையா?

கியாரா: எதுக்குப் பயம்? ஆறு எண்ணிக்கை. நான்தான் எல்லாருக்கும் எண்ணச் சொல்லிக்கொடுத்தேன்.

நெனிங்: அப்ப வெட்டக்கூடாதுன்னு சண்டை போட்ட ஆளு...

கியாரா: நான்தான்.

சாரிங்: எதுக்குடி? அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே. யாரு பாடினாங்களோ, பாவம், ஏதோ வாசல் மணி அடிச்சு...

கியாரா: மணி எதுவும் அடிக்கலைம்மா. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். நாலாவது எண்ணிக்கையில நீங்க மூக்கை உறிஞ்சுறீங்க. ஆறாவதுல என் பேரைச் சொல்றீங்க.