ஓரவஞ்சனை இல்லாத மாமனார்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது. வாங்கும் உத்தேசத்தில் கட்டினேன், பிறகு வாங்கவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதை அப்படியே விட்டிருந்தால் நீங்கள் இன்று என் எதிரே உட்கார்ந்து எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி என்பதால் எதையும் விடாமல் சொல்கிறேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்த மாப்பிள்ளை பல் டாக்டர், இளைய மாப்பிள்ளை லிஃப்ட் பொறியாளர். நான் எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைத் தராசுகளைச் சோதிப்பது, பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் கேனில் பிடித்து அளந்து பார்ப்பது, சரியாக இருந்தால் முத்திரை வைப்பது. இதுதான் வேலை. கண்டிப்பானவன் என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. ஓரவஞ்சனை செய்தான் என்று ஒருவரும் சொன்னதில்லை.

மூத்தவர் முதலில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். சாம்பல் நிறம். மலை, மணல், ஆறு எல்லாவற்றையும் தாண்டும் ஜாதி என்றார். பதினேழு நாள் கழித்து இளையவர் அதே ஜாதியில் வேறொரு கம்பெனி வண்டி வாங்கினார், ஆரஞ்சு நிறம். இருவரும் அடுக்குமாடி வாசிகள். அவ்வளவு பெரிய வண்டியை அங்கே நிறுத்த இடமில்லாததால் இரண்டும் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. என் மனைவி சாம்பலுக்கு எருமை என்றும் ஆரஞ்சுக்கு ஒட்டகம் என்றும் பெயர் வைத்தாள். ஞாயிறுதோறும் மாப்பிள்ளைகள் வந்து, சாப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார்கள். ஆறு தாண்டும் அந்த வண்டிகளில் அவர்கள் அதுவரை தாண்டியது ஒரு ரயில்வே கேட்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுக்க வண்டிதான்.

"என்னோடது முப்பது லிட்டர் டேங்க். ஒரு தடவை ரொப்பிட்டா ஐநூறு கிலோமீட்டருக்குத் திரும்பிப் பாக்க வேணாம்," என்பார் மூத்தவர்.

"திரும்பவே முடியாதுன்னு சொல்லுங்கண்ணா. அந்த கனத்துக்கு யூ டர்ன் அடிக்க ரெண்டு ஆள் வேணும்," என்பார் இளையவர்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் மூத்த மகள், "எங்க வண்டியில செயினே கிடையாது. எண்ணெய் போடற வேலையே மிச்சம்," என்றாள். சின்னவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "வேலை செஞ்சு பழக்கமில்லாதவங்களுக்கு அது வசதிதான்க்கா," என்றாள். ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்த பெண்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒருத்தி சொல்வதை இன்னொருத்திக்கு என் மனைவிதான் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நீங்கதானே வீட்டுக்குப் பெரியவர். எது நல்ல வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லி இதை முடிச்சு வைங்களேன்," என்றாள் அவள்.

நியாயமான வேண்டுகோள். ஆனால் அளக்காமல் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

தெரிந்த இரும்புக் கடையிலிருந்து மேடைத் தராசு ஒன்றை வரவழைத்து இரண்டையும் எடை போட்டேன். எருமை ஒட்டகத்தைவிடப் பத்தொன்பது கிலோ கூடுதல். இது தெரிந்தபின் அந்த இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு என்று பட்டது. ஆகவே ஒட்டகத்தின் பக்கப் பெட்டிகளுக்கு அடியில் பத்தொன்பது கிலோ மணலைப் பையில் கட்டி வைத்தேன். ஆற்று மணல், சலித்தது. அடுத்த ஞாயிறு இளையவர் ஓட்டிவிட்டு வந்து, "என்னமோ தெரியல மாமா, இன்னைக்கு வண்டி இழுக்கவே மாட்டேங்குது," என்றார். மூத்தவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் எருமையின் இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டேன்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, அல்லது பாதிதான் பொறுப்பு. மூத்தவர் எங்கள் கேட் முன்னால் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். அந்த இடத்தில் தரை ஒரு பிடி பள்ளம். எருமை மெதுவாக, எருமை மாதிரியே, இடது பக்கம் படுத்தது. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது.

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நம்ம வண்டியா இருந்தா உடைஞ்சிருக்காதுண்ணா. கண்ணாடி மடங்கிக்கும்," என்றார்.

யாராவது ஒன்றைச் சொன்னால் அதைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மனைவி கடைக்குப் போயிருந்தபோது, ஒட்டகத்தைச் சாய்த்துவிட்டேன். அவர் சொன்னது சரி, கண்ணாடி மடங்கிக்கொண்டது. ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டுவது முறையல்ல. எடைக்கல்லையே நாங்கள் மூன்று தடவை நிறுத்துப் பார்ப்போம். மூன்றாவது தடவை உடைந்தது.

அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினேன் என்று கேட்கிறீர்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு பின்பக்கமாக எழுந்தால் யாரும் தூக்கலாம் என்று இரண்டு கம்பெனிப் புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறது. அந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

சிக்கல் என்னவென்றால், மூன்றாவது தடவை விழுந்ததில் ஒட்டகத்தின் இண்டிகேட்டரும் போய்விட்டது. எருமைக்குக் கண்ணாடி மட்டும், ஒட்டகத்துக்குக் கண்ணாடியும் இண்டிகேட்டரும். சின்னச் சுத்தியலை எடுத்து எருமையின் இண்டிகேட்டரைத் தட்டினேன். சுத்தியல் குறி தவறியதில் ஹெட்லைட்டும் விரிசல் விட்டது. ஆகவே ஒட்டகத்தின் ஹெட்லைட். அதில் ஒரு சில்லு தெறித்து அதன் டேங்கில் கீறல் விழுந்தது. ஆகவே எருமையின் டேங்க். ஒரு நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதி வந்தேன், வேண்டுமானால் தருகிறேன். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட ஒரு பத்தி இன்னொன்றைவிட நீளமாக இருக்க விட்டுவிட்டு நான் தூங்கியதில்லை.

மாப்பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். அது மனித சுபாவம். மூத்தவர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, யாரையும் நம்பறதுக்கில்ல. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த வீட்ல நடுநிலையான ஆள் நீங்க ஒருத்தர்தான்," என்றார். அன்று மாலையே இளையவர் போன் செய்து ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொன்னார். சர்வீஸில் இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு நல்ல பெயர் கிடைத்ததில்லை. இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டினேன்.

கடைசியில் சோதிக்காமல் மிஞ்சியது தண்ணீர். அந்த ஞாயிறு மூத்தவர் மேசையில், "தண்ணின்னு வந்துட்டா உங்க வண்டி கரையிலயே நிக்கும், பாத்துக்குங்க," என்று சொன்னார். இளையவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். சின்னவள் அவர் பின்னாலேயே போனாள். "இனிமே நாங்க வர்ற அன்னைக்கு அவங்க வரக்கூடாதும்மா," என்று வாசலில் நின்று சொன்னாள். என் மனைவி அடுப்பங்கரையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று அவள் நினைப்பு.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் லாரி ஒன்றை வரச்சொன்னேன். டிரைவர் மரியாதையான மனிதர்.

"சர்வீஸுக்கா சார்?"

"சோதனைக்கு."

ஏரியில் படகு இறக்கும் சரிவுக்கு வந்ததும் லாரியின் பின்சக்கரம் தண்ணீரைத் தொடும்வரை பின்னுக்கு வரச்சொன்னேன். டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவரை இதில் இழுக்காதீர்கள். பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு வண்டியையும் ஒரே கயிற்றால் லாரியோடு சேர்த்துக் கட்டினேன். ஒன்றுக்கு முன்னால் இன்னொன்று போய்விட்டால் பிறகு அதுவே ஒரு பேச்சாகிவிடும். லாரியின் மேடையைச் சாய்க்கும் லீவரை அழுத்திவிட்டு, கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினேன். இரண்டும் நூல் பிடித்தாற்போல் சேர்ந்து இறங்கின. ஒன்று மற்றதைவிட நான்கு விநாடி கூடுதலாக மிதந்தது. நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்தேன்.

டிரைவர் டீ கிளாஸோடு வந்து நின்றார். கொஞ்ச நேரம் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எது சார் முதல்ல முழுகுச்சு?" என்று கேட்டார். சொல்ல மறுத்துவிட்டேன். மாப்பிள்ளைகளுக்கே தெரியாததை மூன்றாம் மனிதரிடம் சொல்வது நாகரிகமல்ல.

ஷெட்டில் திருடன் புகுந்ததாகத்தான் வீட்டில் சொன்னேன். அதற்குப்பின் சமாதானம் வரும் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட வண்டியே இல்லை அல்லவா. ஆனால் ஏரியில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்து யாரோ சொல்லி, நீங்கள் கிரேன் வைத்துத் தூக்கிவிட்டீர்கள். இப்போது மூத்தவர் இளையவர்தான் தள்ளினார் என்கிறார், இளையவர் மூத்தவரைச் சொல்கிறார். நீங்கள் இருவரையும் சமமாகச் சந்தேகப்பட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இளையவரை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள், மூத்தவரை ஒரே தடவை. அது சரியில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். மணல், காற்று, கண்ணாடி, ஏரி, எல்லாம் நான். குடும்பம் உடையக்கூடாது என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை. கேட்டதால் சொல்கிறேன். இல்லை, இருவரில் ஒருவரும் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஒரு தெருகூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை. மூத்தவர், "உங்க இடுப்புக்கு இதெல்லாம் ஆகாது மாமா," என்றார். இளையவர், "அடுத்த வாரம் பாக்கலாம் மாமா," என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றது மூத்தவருக்காக ஒன்பது ஞாயிறு, இளையவருக்காக ஒன்பது ஞாயிறு. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.