ஜப்பான் கண்ணாடியில் சந்தனம்

“ஜப்பான்காரன் சந்தனம் பூசுவானோ, அண்ணை?”

காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவன் கேட்டான். அவன் மடியில் காரின் பக்கக் கண்ணாடி ஒன்று இருந்தது. அருகில் இருந்த மூத்தவர் அதை வாங்கி, விளிம்பை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

“சந்தனம்தான். ஆரிட்டை வாங்கினனி?”

“எங்கடை சந்தியிலை கார் சாமான் விக்கிற கடைக்காரனிட்டை. ஜப்பானிலை இருந்து இறக்கினதாம். கொழும்பிலை கஸ்டம்ஸ் மறிச்சு வைச்சதாலை சுணங்கிப் போச்சாம்.”

“பெட்டி உடைக்கேக்கை நீ நிண்டனியோ?”

“இல்லை. பெட்டியைக் கஸ்டம்ஸ்காரர் பிரிச்சு எறிஞ்சிட்டினமாம். நிறம் என்ரை காரோடை அப்படியே பொருந்தினதாலை நானும் பேசாமல் வாங்கிட்டன்.”

“உன்ரை பழைய கண்ணாடி என்னெண்டு போனது?”

“கோயில் திருவிழாவுக்குப் போன இடத்திலை ஆரோ கழட்டிட்டாங்கள். காருக்குப் பூசை செய்விச்சு ஒரு கிழமைகூட ஆகேல்லை.”

மூத்தவர் கண்ணாடியை அவன் மடியிலேயே திரும்ப வைத்தார்.

“களவு போனதைக் கடைக்காரனுக்கு ஆர் சொன்னது?”

அவன் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான்.

“ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை. அடுத்த நாள் விடிய அவன்தான் போன் எடுத்து, இடதுபக்கக் கண்ணாடி வேணுமோ எண்டு கேட்டவன்.”