திறக்காத பதினோராவது இழுப்பறை

மேடையின் நடுவே வீற்றிருக்கும் தலைவர், பெரியவர் தணிகாசலம் அவர்களே! அவருக்கு வலப்புறம் புதுச்சட்டையில் அமர்ந்திருக்கும் நம் நூலகர் கோதண்டபாணி அவர்களே! அவருக்கும் வலப்புறம், சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை சூடி, நம் எல்லாரையும்விட உயரமான மேசையில் எழுந்தருளியிருக்கும் கணினி அவர்களே! முன்வரிசையில் ரத்தினம்மாள் அக்கா உள்ளிட்ட தாய்மார்கள் பதினாறு பேரே! ஆண்கள் இருபத்தொன்பது பேரே! மழைக்கு வாசலில் ஒதுங்கி, காபி உண்டு என்று கேள்விப்பட்டு உள்ளே வந்த அன்பர்கள் ஐவரே! தணிகைமலை முருகனை நெஞ்சில் நிறுத்தி, இந்த 2003-ஆம் ஆண்டு நூலக விழாவில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்ன அக்கா சிரிக்கிறீங்க? எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணாமல் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சே.

என் பெயர் தேவசேனா. மலைமேல் மடைப்பள்ளியில் வேலை பார்ப்பவரின் மனைவி. ஆறாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அதற்குமேல் படித்ததெல்லாம் இந்தத் தணிகைவேள் படிப்பகத்தில்தான். அந்த நன்றிக்காக வாசகர் குழுவில் நானும் ஒருத்தி.

கணினிக்கு நான் பகையாளி அல்ல. போன வாரம் ‘தென்னை’ என்று தட்டினேன். தென்னையைப் பற்றிய ஏழு புத்தகங்களும் நான் மூச்சு விடுவதற்குள் வரிசையாக வந்து நின்றன. முன்பெல்லாம் புத்தகப் பெயர் எழுதிய அட்டைகளைத் தள்ளித் தள்ளி விரல்நுனி கறுத்துப்போகும். வரட்டும் கணினி, வாழட்டும் கணினி! ஆனால் தாய்மார்களே, அதற்குக் கண் உண்டா? காது உண்டா? எழுந்துபோய் அலமாரியைப் பார்த்துவர ஒரு கால் உண்டா? நாம் சொன்னதைச் சொல்லும். நாம் சொல்லாததை இல்லை என்று சொல்லும். அது பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நமக்கு என்ன வந்தது?

நடந்ததைச் சொல்கிறேன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறியில் நூல் சுற்றும் பெண் பிரபாவதி. செவிலியர் பயிற்சித் தேர்வை இரண்டு முறை எழுதியவள். போன முறை நாலே மார்க்கில் கை நழுவியது. வயது வரம்பு இந்த டிசம்பரோடு முடிகிறது. வரும் பதினாலாம் தேதி எழுதுவதுதான் அவளுக்குக் கடைசித் தேர்வு. வாரத்தில் ஒரு நாள், அவளுடைய பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தறியைப் பார்த்துக்கொள்ள, டவுன் பஸ் பிடித்து இங்கே வருவாள். இரண்டு வாரத்துக்கு முன் வந்தாள். தாய்சேய் நலப் புத்தகம் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று அவளுக்குத் தெரியும். நேரே போனாள், எடுத்தாள், மேசைக்கு வந்தாள். நூலகர் கணினியைத் தட்டினார். அப்புறம் நடந்த பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

“இந்தப் புத்தகம் நம்மகிட்ட இல்லம்மா.”

“சார், என் கையில கீதே சார்!”

“கையில கீது. கம்ப்யூட்டர்ல இல்லியே. ரெண்டுல நான் எதைம்மா நம்பறது?”

“அப்போ நான் எட்த்துனு போறேன் சார். இல்லாத புத்தகத்த எட்த்துனு போனா யார் கேக்கப் போறாங்க?”

“அதெப்படி? நம்ம புத்தகத்த நீ...”

“நம்ம புத்தகமா? இப்பதான் இல்லைன்னீங்க!”

கைதட்டாதீங்க, கைதட்டாதீங்க! கோதண்டபாணி சார் மனம் நோகக் கூடாது. அவர் கெட்டவர் அல்ல. திரை சொன்னதை வேதம் என்று எடுத்துக்கொண்டவர், அவ்வளவுதான். புத்தகத்தை வாங்கி உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அங்கே போய்ப் பார்த்தால் அதற்குத் துணையாக இன்னும் ஒரு குவியல்! கணினியில் இல்லாதவை எல்லாம் கழிவு, வரும் திங்கட்கிழமை பழைய பேப்பர்காரருக்கு என்று தீர்மானமாம். வாங்கிய புத்தகமெல்லாம் எழுதி வைத்த பெரிய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன். முதலில் எடைக்குப் போனதே அந்தப் பதிவேடுதானாம். எப்படி வேலை! சாட்சியை அனுப்பிவிட்டு விசாரணையா?

சரி, அந்தப் புத்தகங்கள் மட்டும் ஏன் விட்டுப்போயின? அந்த அட்டைகளை அடுக்கி வைக்கும் பழைய மரப்பெட்டிக்கு இருபத்துநாலு இழுப்பறை. புத்தகத்துக்கு ஓர் அட்டை. எல்லா அட்டையையும் கணினியில் ஏற்றியாச்சு, நூற்றுக்கு நூறு என்று காகிதம் வந்தது. போன வியாழக்கிழமை பூசை முடித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பதினோராவது மட்டும் அசையவில்லை. தட்டச்சு செய்யச் சென்னையிலிருந்து வந்த கணேஷ்ராமுக்குப் போன் போட்டேன்.

“ஆங்... அதுவா ஆன்ட்டி? அது டம்மிங்க. பீரோல அழகுக்கு வெப்பாங்களே, அந்த மாதிரி. இழுத்தா வரலயே.”

“கைப்பிடி இருக்கே தம்பி? ‘மருத்துவம்’னு சீட்டு வேற ஒட்டியிருக்கே?”

“அழகுக்குன்னா எல்லாம்தான் ஆன்ட்டி வெப்பாங்க.”

கேட்டீர்களா? தீபாவளி முடிந்து பிடித்த மழையில் கூரை ஒழுகி, மரம் ஊறி, இழுப்பறை இறுகிக்கொண்டது. மழைக்காலத்தில் அடுக்களை அலமாரியை இழுத்துப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். பத்தாவதை உருவி எடுத்தேன். அந்தச் சந்தில் தோசைத்திருப்பியை விட்டு நெம்பினேன். வந்தது! உள்ளே இருநூற்று எண்பத்தாறு அட்டைகள். இருநூற்று எண்பத்தாறு புத்தகங்கள்! பிள்ளைப்பேறு, பேதிக்கு மருந்து, பாம்புக்கடி, பச்சிலை, அத்தனையும் ‘அழகுக்கு’!

நம் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. வருஷக் கடைசியில் படிக்கொரு பாட்டுப் பாடி ஏறுகிறோம். ஒரு படி பாசி பிடித்து வழுக்குகிறது என்று தாண்டிப் போகலாம். அது படியே இல்லை என்று எழுதிக் கொடுக்கலாமா? எழுதிக் கொடுத்த கையோடு அதைப் பெயர்த்து விற்கலாமா?

பின்னால் ஒருவர், “யாரும்மா கையெழுத்துப் போட்டது?” என்கிறார். நல்ல கேள்வி. நூற்றுக்கு நூறு என்ற அந்தக் காகிதத்தில் ஐந்து கையெழுத்து. தலைவர் போட்டார், நூலகர் போட்டார், குழுவில் மூவர் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வீட்டில் உப்பு முதல் ஊதுபத்தி வரை எழுதி வைக்கிறவள், இருபத்துநாலு இழுப்பறையை இழுத்துப் பார்க்காமல் போட்டேன். மாலை போட்ட திரையைப் பார்த்த மயக்கம் எனக்கும்தான் இருந்தது. அதனால்தான் துணிந்து சொல்கிறேன்: தவறு கணினியுடையது அல்ல, கைப்பிடியைத் தொடாத கைகளுடையது! திறக்காததை இல்லை என்றோம், தெரியாததைக் கழிவு என்றோம். நாம் இழுக்கச் சோம்பிய ஓர் இழுப்பறைக்காக ஒரு பெண் தன் கடைசித் தேர்வை இழக்க வேண்டுமா?

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

திங்கட்கிழமை பேப்பர்காரர் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அட்டைகளை நான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன், யாராவது தட்டட்டும். தட்டி முடிக்கும்வரை அட்டையைப் பார்த்தே புத்தகம் கொடுங்கள். பிரபாவதி இன்றைக்கும் வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில், ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

மழையிலும் உட்கார்ந்து கேட்ட எல்லாருக்கும் என் நன்றி. தணிகைநாதன் துணையிருக்கட்டும், வணக்கம். தலைவர் அவர்களே, ஆர்.கே.பேட்டை பஸ் ஆறு நாற்பதுக்கு. இப்போது மணி ஆறேகால். அந்தப் புத்தகம் அவளுக்கு உண்டா, இல்லையா? பஸ் கிளம்புவதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.