லேத்துக்காரன் விட்டுப்போன மெஷின்

— வயலின்ல ஒரு குறையும் இல்ல. உன் கையிலதான் கோளாறு. என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே.

— மூணாவது தந்தியைத் தொட்டாலே கிர்ருங்குதுண்ணா. நாளைக்குக் காலையில வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுக்கறாங்க. இதைத் தூக்கிட்டுப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

— இருபது வருஷமா வயலின் செய்யறவன் நான். என் காதை விடவா உன் காது ஒசத்தி?

— உங்க காதும் வேணாம், என் காதும் வேணாம். அந்த மெஷின்ல மாட்டுங்க.

— எது, அந்த லேத்துக்காரன் செஞ்சு வச்சுட்டுப் போன தகர டப்பாவா? அதுல நான் துண்டு காயப்போட்டுக்கிட்டிருக்கேன்.

— துண்டை எடுத்துட்டு மாட்டுங்க. மோட்டார் வில்லை இழுக்கும். ஒரே அழுத்தம், ஒரே வேகம். அதுக்கு அண்ணனும் தெரியாது, தங்கச்சியும் தெரியாது.

— பேச்சைப் பாரு, அவன் பேசற மாதிரியே! போனாப் போகுதுன்னு வேலைக்குச் சேர்த்தா, உன்னையே பொண்ணு கேட்டு வந்து நின்னான். அவனும் அவன் மூஞ்சியும்!

— அதான் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டீங்களே. சுவிட்சைப் போடுங்க.

— போட்டாச்சு. இந்தா, மூணாவது தந்தி. நல்லாக் கேளு. எங்கடி உன் கிர்ரு?

— இன்னொரு தடவை.

— பத்துத் தடவை போட்டாலும் இதேதான். அடடா, அந்தத் தற்குறி வாழ்க்கையில ஒரே ஒரு உருப்படியான வேலை செஞ்சிருக்கான்! என் தங்கச்சிக்கு வாசிக்கத் தெரியலைன்னு மெஷின் வச்சு நிரூபிச்சுட்டான்.

— கொடுங்க இப்படி. நானே இழுக்கறேன்... கேட்டுச்சா?

— கேட்டுச்சு. நிறுத்தாதே, இழுத்துக்கிட்டே இரு. இது வயலின்லேர்ந்து வரலையே. உன் கழுத்துலேர்ந்துல்ல வருது!

— கழுத்துலேர்ந்தா?

— சட்டைக்குள்ள என்ன, சங்கிலியா? அதுல என்னமோ தொங்கிக்கிட்டு, வயலின் பலகையில பட்டு அதிருது. இதுகூடத் தெரியாம வாத்தியக் குழுவுக்குப் போறாளாம்! கழட்டி வை, தொல்லை விட்டுது. ஏன் பொத்திக்கிற? அப்படி என்ன பொக்கிஷம்?

— ஒளிச்சு வச்சதுதான் தப்பு. நாளைக்கு வில் பிடிக்கிற விரல்ல போட்டுக்கிட்டே வாசிக்கறேண்ணா. போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உங்க லேத்துக்காரர் எனக்குப் போட்ட மோதிரம்.