அண்ணன் அடித்த வெள்ளிப் பெயிண்ட்

...பிரஷ்ஷால அடிச்சிருக்கான் தங்கச்சி. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷால. குரோம் பம்பர் மேல எவனாவது வெள்ளிப் பெயிண்ட் அடிப்பானா? எங்க அண்ணன் ஓனெலியோ அடிச்சான். பம்பரு, முன்பக்கத்து கிரில்லு, ரெண்டு பக்கமும் ஓடுற பட்டை, விளக்கச் சுத்தி இருக்கிற வளையம்... ஒண்ணு விடல. அம்பத்துநாலாம் வருஷத்து ப்யூக்கு காரு இது. எங்க அப்பா காலைல பம்பர்ல மூஞ்சி பாத்து மீச ஒதுக்குவாரு. அது பழைய அலுமினியச் சட்டி மாதிரி ஆயிப்போச்சு. அந்தக் கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க. இன்னொரு தடவ. ம்... இப்ப சரி.

கமஹுவானி முக்குல நீங்க கை காட்டினது நல்லதாப் போச்சு. தனியாப் போனா பாதி வழில திரும்பிருப்பேன். ரெமெதியோஸ் ஆஸ்பத்திரிதானே? ரெண்டு மணி டூட்டியா? அதுக்கெல்லாம் முன்னாடியே எறக்கி விட்ருவேன். நானும் அந்த ஊருக்குத்தான் போறேன். எங்க அண்ணன் வீட்டுக்கு. ஆமா, அதே அண்ணன்தான். பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்த கெடையாது.

இன்னைக்கு அவன் மக யுசிமிக்குப் பதினஞ்சு வயசு முடியுது, நம்மூருல பொண்ணுக்கு அது கல்யாணத்துக்குச் சமம்ல. விருந்து, கேக்கு, எல்லாம் இருக்கு. எனக்கு அழைப்பு இல்ல. பொண்ணுக்குக் கவுனு மாட்டி ஊரச் சுத்திக் கூட்டிட்டு வரணும்ல, அதுக்குக் குதிர வண்டி பேசியிருக்காங்களாம். குதிர வண்டி. குடும்பத்துல ஒரு ப்யூக்க வச்சுக்கிட்டு. கேட்டதும் எனக்குச் சோறு எறங்கல. அன்னிக்கே சட்டயக் கழட்டிப் போட்டு அந்த வெள்ளிய உரிக்க ஆரம்பிச்சேன்.

மூணு வாரம் தங்கச்சி. நகத்தப் பாருங்க. பெயிண்ட உரிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, சாந்தா கிளாராவுல ஒரு பெயிண்டரக் கெஞ்சி வாங்கினேன். சுத்தி பேப்பர ஒட்டிட்டு அதத் தடவணும். கால் மணி நேரத்துல பாலாட மாதிரி சுருங்கிக்கிட்டு எழும்பும். அப்பத்தான் சுரண்டணும். இரும்பால தொட்டாக் கீறல் விழும், பிளாஸ்டிக்குதான். இடுக்குக்கெல்லாம் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷு. நெரெய்தாவோட பிரஷ்ஷு. நெரெய்தா என் பொஞ்சாதி. அது இன்னும் அவளுக்குத் தெரியாது.

இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டு அர்சேனியோ வந்தான். 'எதுக்கு இம்புட்டுக் கஷ்டம், காஸ்டிக் சோடா ஊத்து, பளிச்சுன்னு ஆயிரும்'னான். ஊத்தினேன். ஜன்னலோரப் பட்டை அலுமினியம்னு அந்த அறிவாளிக்குத் தெரியல. எனக்கும்தான் தெரியல. புஸ்ஸுன்னு நொரைச்சுது பாருங்க, நாங்க ரெண்டு பேரும் ஓடுனோம். உங்க முழங்கை கிட்ட கருப்பா இருக்கே, அதுதான். அத வுடுங்க.

உரிச்சு முடிச்சதும் அலுமினியத் தாளக் கசக்கி, வினிகர்ல நனச்சுத் தேய்க்கணும். வட்ட வட்டமா. துருவெல்லாம் சேறு மாதிரி எறங்கும். மூணு வாரமா எங்க வீட்டுல சாலட்டுக்கு வினிகர் இல்ல. 'கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் காலக்கூட ஒரு நாள் இப்பிடித் தடவினதில்ல'ங்கறா நெரெய்தா. நேத்து சாயங்காலம் பம்பர்ல என் மூஞ்சி தெரிஞ்சுது. மூக்கு இந்தா, இம்புட்டு அகலம். நான் பல்லக் காட்டினேன், அதுவும் காட்டுச்சு. அம்பத்தாறு வயசுல தெருவுல நின்னு ஆடியிருக்கேன் தங்கச்சி, எனக்கே வெக்கமாருக்கு.

என்ன? எங்க? கண்ணாடிப் பக்கத்துப் பட்டையிலயா... நீலமா. தூசியாருக்கும். தூசி நீலமா இருக்காதா. நீங்க நர்ஸு, எல்லாத்தயும் உத்துத்தான் பாப்பீங்க.

இந்த மாட்டப் பாருங்க, நடு ரோட்டுல. ஏய், நகரு.

...சரி. சொல்லிர்றேன். இனிமே உங்கள நான் பாக்கப் போறேனா என்ன. அந்த நீலம் எங்க வாசக்கதவுக்கு வாங்கினது. அத வண்டில அடிச்சது நாந்தான்.

நெரெய்தா என்னக் கட்டிக்கச் சம்மதம்னு சொன்ன அன்னிக்கு. அவளுக்கு நீலம்னா உசுரு. அப்பா கண் ஆப்பரேஷனுக்கு சாந்தா கிளாராவுல படுத்திருந்தாரு. நான் ரம்மு கொஞ்சம்... கொஞ்சமில்ல. சந்தோஷம் தாங்கல. வண்டிக் கொட்டகைக்குள்ள பூந்து, ஒரே மத்தியானத்துல, பளபளன்னு இருந்ததயெல்லாம் நீலமாக்கிட்டேன். மறுநாள் தெளிஞ்சு போய்ப் பாத்துட்டு, ஒரு துணியப் போட்டு மூடப் பாத்தேன்.

அப்பத்தான் அண்ணன் வந்தாரு. பாத்தாரு. ஒரு வார்த்த திட்டல. உரிக்க நேரமில்ல, மருந்துமில்ல. எங்கருந்தோ ரெண்டு டின் வெள்ளிப் பெயிண்ட் கொண்டாந்தாரு. அப்பாவுக்குக் கண்ணு மங்கல்தான, வெள்ளிய அடிச்சு வச்சா இப்போதைக்குத் தெரியாதுன்னு அவரு கணக்கு. கடைசிப் பட்டைய அடிச்சுக்கிட்டிருக்காரு, அப்பா வந்து நிக்கிறாரு. ஒரு நாள் முன்னாடியே அனுப்பிட்டாங்க. ஆப்பரேஷன் பண்ணின கண்ணு, ஊசி கெடந்தாக்கூடத் தெரியுது. 'யாருடா இதப் பண்ணினது?'ங்கறாரு. அண்ணன் என்னப் பாத்தாரு. நான் என் செருப்பப் பாத்தேன்.

'நாந்தாம்ப்பா'ன்னாரு.

மூத்தவனுக்குன்னு பேசி வச்சிருந்த வண்டி. 'உனக்கு இல்ல, தெல்ஃபினுக்கு'ன்னு அப்பா சாவிய என் கைல வச்சாரு. நானும் வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் அண்ணன் ரெண்டு தடவ என் வீட்டுக் கதவத் தட்டினாரு. ரெண்டு தடவயும் நான் இல்லன்னு சொல்லச் சொன்னேன். வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் 'எங்க அண்ணன் வண்டியக் கெடுத்துட்டான்'னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிருச்சு. உங்ககிட்டயும் அப்பிடித்தான ஆரம்பிச்சேன்.

ஊருக்குள்ள வந்து இது மூணாவது சுத்தா? தெரியுது தங்கச்சி, அதே தேவாலயம்தான். அந்தப் பச்சக் கதவுதான் அவரு வீடு. பலூன் கட்டியிருக்கு பாருங்க. சாவியக் குடுத்துட்டு, பொண்ணு கன்னத்துல ஒரு முத்தம், அப்பறம் பஸ்ஸப் புடிச்சுக் கெளம்பிர வேண்டியதுதான். நெஞ்சு ஏன் இப்பிடி அடிச்சுக்குது? நீங்க கொஞ்சம் நாடி புடிச்சுப் பாக்கறீங்களா. விருந்து முடியட்டுமே, நாளைக்குக் காலைல வந்தா...

என்ன எறங்குறீங்க? ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி... தங்கச்சி. அந்தப் பக்கம் போகாதீங்க. சொன்னாக் கேளுங்க, நான் இன்னும் தலகூட வாரல...

தட்டிட்டாங்க.

அண்ணே.

நாந்தான். தெல்ஃபின். முடி கொட்டிப்போச்சு, ஆமா. வண்டி... யுசிமிக்கு. யுசிமிக்கு மட்டுமில்லண்ணே, வண்டியே உன்னுதுதான். அன்னிக்கு அப்பாகிட்ட நான் வாயத் தொறந்திருக்கணும்... என்ன? கிரில்லுக்குப் பின்னாடியா? இல்லண்ணே, அங்கயும் உரிச்சுட்டேன்... அட, ஆமா. நாலு வெரல் அகலத்துக்கு உன் வெள்ளி அப்பிடியே இருக்கு. இருக்கட்டும்ணே, யாரு பாக்கப் போறா. குனியாதண்ணே, விருந்துச் சட்ட... குனிஞ்சு நகத்தால சுரண்டவே ஆரம்பிச்சுட்டயா. சிரிக்காத, எனக்கும் வருது.

இங்க ஒரு நர்ஸம்மா நின்னாங்களே? போயிட்டாங்களா. பேருகூடக் கேக்கல.

தள்ளிக்கண்ணே, நானும் வர்றேன்.