கெத்தரினின் போனில் ஒன்றும் இல்லை

ஒரு செயலி நல்லதா கெட்டதா என்று பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை, சேர். பொறுமை இருந்தால் போதும். யார் செய்தது, எங்கிருந்து இறக்கினார்கள், எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்று பார்க்க வேண்டும். டோர்ச் எரிய வைக்கும் செயலிக்கு உங்கள் மெசேஜ் எதற்கு? பற்றரி சீக்கிரம் இறங்கினால், சும்மா கிடக்கும் போன் சுட்டால், சந்தேகப்பட வேண்டும். போன குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஃபாதர்தான் கேட்டுக்கொண்டார். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினான்கு வருஷமாகப் போன் திருத்துகிறேன். றொபின்சன் பார்த்தால் சரியாக இருக்கும் என்று சனம் சொல்லும்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கெத்தரின் வந்தாள். ராஜநாயகத்தின் மனைவி. யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். இடது கையில் மாவுக்கட்டு. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை. அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே போன் சும்மா கெடக்கும்போதும் சுடுது. நான் யார்கிட்ட என்ன கதைச்சாலும் அவருக்குத் தெரியுது. ஏதும் கெட்டது ஏறியிருக்கான்னு பாருங்க."

கால் மணி நேரம் பார்த்தேன். அவசரப்பட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. 'சிஸ்டம் உதவி' என்ற பெயரில் ஒன்று இருந்தது. மைக், மெசேஜ், ஆள் இருக்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் அதற்கு அனுமதி இருந்தது. அவளே விரல் வைத்துக் காட்டினாள்.

"இது என்னண்ணே?"

"அது போனோடயே வர்றது தங்கச்சி. அழிச்சா போன் செத்துடும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அதை ஏற்றியது நான்தான். மாசி மாதம், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவளிடம் சொல்லி, ராஜநாயகம் அந்தப் போனைக் கொண்டு வந்தான். பெண்சாதி மாறிவிட்டாள், குடும்பம் கலைந்துவிடும் போல இருக்கிறது என்று என் கடையில் நின்று அழுதான். ஓர் ஆம்பளை அழுவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? என் மனைவி ரொஷானி ஒன்பது வருஷத்துக்கு முன் போனபோது இந்த வசதியெல்லாம் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் அவளும் இன்றைக்கு என் வீட்டில்தான் இருப்பாள்.

கெத்தரினுக்கு முகம் தெளிந்துவிட்டது. கடை வாசலிலேயே நின்று அம்றாவுக்குக் கோல் எடுத்தாள். அம்றா அவளோடு பிள்ளைக் காம்பரா வேலைக்குப் பயிற்சி எடுத்தவள், கலேவெலக்காரி. மூன்று கிழமையாகக் கெத்தரின் பயந்துபோய் அவளோடு கதைக்கவே இல்லையாம். "இப்பவே வர்றேன்டி. இனி அங்க இருந்தா என்னக் கொன்னுடுவாரு" என்று சொன்னது எனக்கே கேட்டது. அங்கிருந்தே கலேவெல பஸ்ஸில் ஏறினாள். எனக்குக் கேட்டது ராஜநாயகத்துக்கும் கேட்டிருக்கும். செயலி நன்றாகத்தான் வேலை செய்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி போல கெத்தரினே எனக்குக் கோல் எடுத்தாள். ராஜநாயகம் கலேவெல பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்பதை அம்றாவின் தம்பி கண்டு வந்து சொல்லியிருக்கிறான்.

"அண்ணே, நான் இங்க இருக்கிறது இந்த வீட்டு ஆளுகளத் தவிர யாருக்கும் தெரியாது. போன நல்லாத்தான பாத்தீங்க?"

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும், சேர். போனை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இரு என்று நான் சொல்லியிருக்கலாம். அம்றாவுக்கு வளர்ந்த தம்பிமார் நான்கு பேர். அவர்களைத் தாண்டி ராஜநாயகம் உள்ளே போயிருக்க மாட்டான். ஆனால் அப்படிச் சொன்னால், றொபின்சன் பார்த்த போன் சரியில்லை என்று ஆகிவிடும். கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் பேசியவன் நான்.

"போன்ல ஒண்ணும் இல்ல தங்கச்சி. கூட இருக்கிறவங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

மெதுவாக, "அம்றாவா?" என்று கேட்டாள். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்றாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பின்கதவால் போயிருக்கிறாள். குருநாகல் பஸ்ஸைப் பிடிக்க வயல் வரம்பு வழியே நடந்திருக்கிறாள். போன் கையில்தான் இருந்தது. அது காட்டிய வழியில், ராஜநாயகம் எந்த வீட்டுக் கதவையும் தட்டாமல், யாரிடமும் விசாரிக்காமல், வரம்பு முடிந்து ரோட்டில் ஏறும் இடத்தில் போய் நின்றிருக்கிறான். கத்தி அவன் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதில் எனக்குப் பங்கில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கெத்தரினின் அடக்கத்துக்குப் போனேன். அம்றா வந்திருந்தாள். "என்கிட்டக்கூடச் சொல்லாம ஏன் வெளிய போனா? என்ன நம்பலையா?" என்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடமும் கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்கிற ஒரு பெண்ணின் மனசை எதற்கு நோகடிப்பது என்று பேசாமல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.