ஊமைக் கை

அரித்தால் சொறியாதீர்கள் என்று நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. உங்களையே பாருங்கள் ஐயா, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஒவ்வாமைப் பிரிவில் நர்ஸ் வேலை. முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்துவேன். ஒத்துக்கொள்ளாத பொருள் என்றால் அந்த இடம் கொசு கடித்தாற்போல் தடிக்கும். இந்தச் சோதனைக்குச் சில நாள் முன்பே அரிப்பு மாத்திரை, சளி மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். மாத்திரை உடம்பில் இருந்தால் கை ஊமையாகிவிடும். எதைக் குத்தினாலும் வாய் திறக்காது. எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று நோயாளிகளுக்குப் போன் செய்து சொல்வதும் நான்தான். ஒருவருக்கும் தப்பாகச் சொன்னதில்லை, அத்தானைத் தவிர.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்காவுக்கு இறால் ஆகாது. போன வருடம் ஒரு பிறந்தநாள் விருந்தில் சூப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். இறாலைக் கிளறிய கரண்டி இதிலும் பட்டிருக்குமோ என்று கேட்டாள். அத்தான் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"ஒண்ணும் ஆகாது, குடி. எல்லாம் மனப்பிரமை."

குடித்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

பிறகு ஒருநாள் ஆபீஸில் முந்திரி கேக் தின்று அவருக்கே உதடு வீங்கியது. பரிசோதனைக்கு எங்களிடமே நாள் குறித்தார். எனக்கு உள்ளூர இனித்தது. வீக்கத்துக்குக் கொடுத்திருந்த அரிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று போனில் கேட்டார்.

"வேண்டாம் அத்தான், தினமும் போட்டுக்கிட்டே வாங்க."

"நீ சொன்னா சரிதாம்மா."

ஒரே ஒரு சிக்கல். யார் கையிலும் கட்டாயம் தடிக்கிற ஒரு சொட்டையும் கூடவே வைப்போம். அது தடிக்காவிட்டால் மாத்திரை போட்டிருக்கிறார் என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். சோதனை அன்று டாக்டர் வருவதற்குள் அந்த இடத்தை மட்டும் நகத்தால் அழுத்திக் கிள்ளி வீங்க வைத்தேன். இதெல்லாம் ஒரு வலியா என்று அத்தான் சிரித்தார். வெளியே கூட்டம் நெரிந்ததால் டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். முந்திரியால் பயமில்லை என்று சொல்லிவிட்டார். இனி மாத்திரையே வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்று நான் அத்தானிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் நானே முந்திரி கேக் செய்து அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் தயங்கினார்.

"ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்றேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் நான்தான், அவசரப்படாமல். கொன்றது நானே என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிறந்தநாள் விருந்து யார் வீட்டில் நடந்தது என்று கேட்டீர்கள். என் வீட்டில்தான். சூப் வைத்ததும் நான்தான். வேலை மும்முரத்தில் இறால் கரண்டியையே போட்டுக் கிளறிவிட்டேன். கரண்டியைப் பற்றிக் கேட்டபோது அக்கா என் முகத்தைத்தான் பார்த்தாள். அத்தனை விருந்தாளிகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? நான் வாயே திறக்கவில்லை ஐயா. குடிக்கச் சொன்னது அவர்தான்.